ஒரு ஆணியில ஆரம்பிச்சு மோட்டார் வரைக்கும்: பசங்களோட உக்காந்து செய்யற மின்காந்தம்

சயின்ஸ் கிட்னு பெட்டியில வர்றதுல முக்கால்வாசிக்கு ஒரே கதைதான். படத்துல இருக்கிறபடி மாட்டணும், மாட்டினா ஓடும், ஓடினதும் பசங்க கை தட்டுவாங்க, மறுநாள் அது கட்டிலுக்கு அடியில கிடக்கும். பசங்க தானா கண்டுபிடிக்க அதுல எதையுமே மிச்சம் வைக்கலைங்கிறதுதான் பிரச்சனை. அதனால கிட் எதுவும் இல்லாம ஒரு இரும்பு ஆணி, கொஞ்சம் தாமிரக் கம்பி, ஒரு பேட்டரி வெச்சு மின்காந்தம் செய்யறது எப்படி, அப்புறம் அதே கம்பியில ஒரு குட்டி மோட்டாரை சுத்த வைக்கிறது எப்படின்னு சொல்றேன். இதுக்கு வீடியோ ஆயிரம் கிடைக்கும், ஆனா பெரும்பாலும் "சுத்தியாச்சு, பாருங்க ஒட்டிக்கிச்சு"ன்னு அதோட முடிச்சிடுவாங்க, நிஜத்துல ஒட்டிக்கிட்டதுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்குது.

முதல்ல ஜாக்கிரதை விஷயம், இதை பசங்க கிட்டயும் சொல்லிடுங்க. 1.5 வோல்ட் சாதா பேட்டரி மட்டும்தான். சுவத்து பிளக் பக்கமே போகக்கூடாது. மொபைல் பேட்டரி, பவர் பேங்க், ரீசார்ஜ் பண்ற லித்தியம் செல் எதுவும் வேண்டாம், அதுல கம்பியை நேரா சேர்த்தா தீப்பிடிக்கிற அளவுக்கு கரண்ட் பாயும். சாதா பேட்டரியிலயே கம்பியும் பேட்டரியும் சூடாகும், அதனால ஒரு தடவைக்கு அஞ்சு செகண்ட் தொட்டுட்டு எடுத்துடணும், டேப் போட்டு ஒட்டி வெச்சுட்டு வேற வேலை பாக்கப் போகக்கூடாது. மோட்டாருக்கு ஒரு காந்தம் வேணும், அதுக்கு கறுப்பா வட்டமா இருக்கிற சாதா காந்தமே போதும். பளபளன்னு சின்னதா வர்ற ரொம்ப பவரான காந்தத்தை வீட்டுல கைக்குழந்தை இருந்தா உள்ளயே கொண்டு வராதீங்க, ரெண்டை முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுத்து நடுவுல சதையை நசுக்கிடும், ஆபரேஷன் வரைக்கும் போகும். எட்டு வயசுக்கு மேல இருந்தா இதெல்லாம் செய்ய வெக்கலாம், பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். ஆனா பக்கத்துல மட்டும்தான், கை வைக்காம. இது சொல்றது சுலபம், நம்ம கை சும்மா இருக்காது!

தேவையான சாமான் கம்மிதான். ஒரு விரல் நீளத்துக்கு, அதாவது சுமார் 10 சென்டிமீட்டர் இரும்பு ஆணி. எனாமல் பூசின தாமிரக் கம்பி ஒரு மூணு மீட்டர், மோட்டார் வைண்டிங்குக்கு போடுவாங்களே அதேதான், அரை மில்லிமீட்டர் தடிமன்ல இருந்தா கையாள நல்லா இருக்கும். உப்புத்தாள் ஒரு துண்டு, ஒரு கைப்பிடி ஜெம் கிளிப், புது பேட்டரி ரெண்டு மூணு, ஒரு திசைகாட்டி, ஒரு நோட்டு, பென்சில். நோட்டை மறந்துடாதீங்க, இதுல ரொம்ப முக்கியமான சாமான் அதுதான்.

திசைகாட்டி இல்லைன்னா செஞ்சுக்கலாம். ஒரு தையல் ஊசியை காந்தத்துல ஒரே திசையில முப்பது நாப்பது தடவை தேய்ச்சு, முன்னையும் பின்னையும் தேய்க்காம ஒவ்வொரு தடவையும் ஊசியைத் தூக்கி திரும்ப ஆரம்பத்துல இருந்து தேய்க்கணும், அப்புறம் ஒரு சின்ன தெர்மாகோல் துண்டு மேல வெச்சு பிளாஸ்டிக் கிண்ணத்துத் தண்ணியில மிதக்க விடுங்க. தானா வடக்கு தெற்கா திரும்பி நிக்கும். எவர்சில்வர் கிண்ணத்தை தவிர்க்கிறது நல்லது, சில எவர்சில்வர் காந்தத்துல ஒட்டும், ஊசியை இழுத்து குழப்பிடும்.

ஆணியை இன்னும் தொட வேண்டாம். முதல்ல வெறும் கம்பியும் திசைகாட்டியும் மட்டும். ஊசி வடக்கு தெற்கா நிக்கட்டும், அது மேலேயே அதே வடக்கு தெற்கு திசையில கம்பியை நீட்டிப் பிடிச்சு, ரெண்டு முனையையும் பேட்டரியில தொட வைக்கச் சொல்லுங்க. ஒண்ணும் நடக்காது! நடக்கக்கூடாதுன்னுதான் இப்படி சொல்றேன், ஏன்னா கம்பி மேல எனாமல் இருக்கு, அது கண்ணுக்கு தாமிரம் மாதிரியே தெரியும், ஆனா கரண்டை விடாது. பசங்க "பேட்டரி செத்துப்போச்சு"ம்பாங்க, வேற பேட்டரி போட்டுப் பாப்பாங்க, கொஞ்ச நேரம் தவிக்க விடுங்க. அப்புறம் உப்புத்தாளை கையில குடுத்து ரெண்டு முனையிலயும் ஒரு ரெண்டு சென்டிமீட்டர் சுத்தி வர தேய்க்கச் சொன்னா, மங்கலான நிறம் போய் பளிச்சுன்னு புதுத் தாமிரம் வெளிய வரும். இப்ப தொட்டா ஊசி வெடுக்குன்னு திரும்பும். அடுத்து கம்பியை ஊசிக்கு மேல பிடிக்காம கீழ வெச்சு பாக்கச் சொல்லுங்க, எந்தப் பக்கம் திரும்பும்னு முதல்ல நோட்டுல எழுதிட்டு அப்புறம் தொடணும். எதிர்ப்பக்கம் திரும்பும். பேட்டரியை தலைகீழா மாத்தினாலும் அதே கதை.

இதைத்தான் 1820ல டென்மார்க்ல கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துல ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் பார்த்தாரு. அதுக்கு இருபது வருஷம் முன்னாடி, 1800ல, இத்தாலியில வோல்டாங்கிறவர் பேட்டரியை கண்டுபிடிச்சிருந்தாரு, அதனால நிக்காம ஓடற கரண்ட் விஞ்ஞானிங்க கையில இருந்துச்சு, ஆனா அதுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாராலயும் உறுதியா காட்ட முடியல. ஓர்ஸ்டெட் காட்டினதும் ஐரோப்பா முழுக்க ஆளாளுக்கு கம்பியும் ஊசியுமா உக்காந்துட்டாங்க. பாரிஸ்ல ஆம்பியர்ங்கிற விஞ்ஞானி சில வாரத்துலயே, கரண்ட் போற ரெண்டு கம்பி ஒண்ணை ஒண்ணு இழுக்கவும் தள்ளவும் செய்யும்னு காட்டிட்டாரு. இந்தக் கதையை முன்னாடியே சொல்லிடாதீங்க, ஊசி திரும்பினதுக்கு அப்புறம் சொன்னாதான் எடுபடும், ஏன்னா அப்ப குழந்தைக்கு ஓர்ஸ்டெட் யாரோ இல்ல, நாம பார்த்ததையே பார்த்த இன்னொரு ஆளு.

இனி ஆணி. கம்பியில ஒரு சாண் அளவுக்கு விட்டுட்டு, தலைப்பக்கத்துல இருந்து நெருக்கமா ஒரே திசையில 25 சுத்து சுத்தச் சொல்லுங்க. மீதிக் கம்பியை வெட்டாதீங்க, அப்படியே நீளமா தொங்கட்டும், முனையில எனாமல் எடுத்திருக்கோமே அந்த இடத்தை பேட்டரியில தொட்டா போதும். வெட்டக்கூடாதுங்கறதுக்கு காரணம் இருக்கு. கம்பி குட்டையானா தடை குறையும், கரண்ட் கூடும், அப்ப ஆணி அதிகமா இழுத்தா அது சுத்து எண்ணிக்கையாலயா கரண்ட்டாலயான்னு பிரிச்சு சொல்ல முடியாது. முழு நீளமும் எப்பவும் சர்க்யூட்ல இருந்தா கரண்ட் ஏறக்குறைய ஒண்ணாவே இருக்கும், மாறுறது சுத்து மட்டும்தான். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து, இதை வாயால சொன்னா பசங்களுக்கு ஏறாது, இந்தத் தொங்கற கம்பியை பார்த்து "இதை ஏன் வெட்டல?"ன்னு கேக்கும்போது ஏறும்.

இப்ப ஜெம் கிளிப் குவியல்ல ஆணி முனையை விட்டு, கம்பியைத் தொட்டு, தூக்கி, எத்தனை வந்துச்சுன்னு எண்ணணும். எண்ணறதுக்கு முன்னாடியே ஒரு சண்டை வரும் பாருங்க. ஆணியில நேரா ஒட்டினதை மட்டும் எண்ணணுமா, அதுல தொங்கிட்டு வர்ற கிளிப்பையும் சேர்க்கணுமா? ரெண்டும் சரிதான், ஆனா முதல்லயே ஒண்ணை முடிவு பண்ணி நோட்டுல எழுதி வெச்சுட்டு கடைசி வரைக்கும் அதையே பிடிச்சுக்கணும். ஒவ்வொரு அளவுக்கும் மூணு தடவை தூக்கட்டும், மூணும் ஒரே எண்ணா வராது, அதை பார்த்து முகம் சுருங்கும், அளக்கறதுன்னாலே அப்படித்தான்னு சொல்லிட்டு மூணையும் எழுத வைங்க. நமக்கு வசதியான எண்ணை மட்டும் எழுதற பழக்கம் பெரியவங்களுக்கே இருக்கு, சின்ன வயசுலயே அது வராம இருக்கட்டும்.

25 முடிஞ்சதும் 50, அப்புறம் 75, அப்புறம் 100. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி எத்தனை கிளிப் வரும்னு யூகம் எழுதணும். பெரும்பாலான பசங்க சுத்து ரெண்டு மடங்கானா கிளிப்பும் ரெண்டு மடங்குன்னு எழுதுவாங்க, அப்படி கச்சிதமா வராது, ஆனா கூடிட்டே போறது தெளிவா தெரியும். 75க்கு மேல எண்ணிக்கை கொஞ்சம்தான் கூடுது, இல்ல குறையுதுன்னா உடனே முடிவு கட்ட வேண்டாம், பேட்டரி களைச்சுப் போயிருக்கலாம். இதை சோதிக்க சுலபமான வழி, கடைசியில கம்பியை பிரிச்சு திரும்ப 25 சுத்துக்கே வந்து ஒரு தடவை தூக்கிப் பாக்கறது. முதல்ல வந்த எண்ணே வந்துச்சுன்னா பேட்டரி நல்லா இருக்கு, ரொம்ப குறைஞ்சா இத்தனை நேரம் அளந்ததுல பேட்டரியோட சோர்வும் கலந்திருக்கு, புதுசு போட்டு திரும்ப செய்யணும்.

இன்னொரு கள்ளனும் உள்ள ஒளிஞ்சிருப்பான். கரண்டை எடுத்த பிறகும் ஒண்ணு ரெண்டு கிளிப் ஆணியில ஒட்டிட்டே இருக்கும். இரும்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி காந்தப் பகுதிகள் இருக்கு, சாதாரணமா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில இருக்கும், அதனால மொத்தத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். சுருள்ல கரண்ட் போனதும் பெரும்பாலானது ஒரே திசைக்கு திரும்பிடும், அதனாலதான் வெறும் சுருள் இழுக்கறதை விட ஆணி உள்ள இருந்தா பல மடங்கு இழுக்குது. கரண்டை நிறுத்தினா அதுல நிறைய பழைய நிலைக்கு போயிடும், சிலது போகாது. ஆணி கடினமான எஃகா இருந்தா இந்த மிச்சம் அதிகம், மென்மையான இரும்பா இருந்தா கம்மி. அதனால ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஆணியை தரையில நாலு தட்டு தட்டிட்டு, கரண்ட் இல்லாம எதையாவது இழுக்குதான்னு பார்த்துட்டு அடுத்ததுக்கு போகணும். தட்டறது பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும், சொல்லவே வேண்டாம்.

எண்ணிக்கை வேலை முடிஞ்சா விளையாட்டா நிறைய செய்யலாம். ஆணிக்கு பதிலா பென்சில், அலுமினியக் கம்பி, ஸ்க்ரூ டிரைவர். பாதி சுத்தை ஒரு திசையிலயும் மீதியை எதிர் திசையிலயும் சுத்தினா என்ன ஆகும்? இழுவிசை கிட்டத்தட்ட காணாம போயிடும், ஏன்னா ரெண்டு பாதியும் எதிரெதிரா வேலை செய்யும். ஆணி முனையை திசைகாட்டி பக்கத்துல கொண்டு போய் பேட்டரியை மாத்தி மாத்தி தொட்டா ஊசி இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு திரும்பறது தெரியும், அதாவது வடக்கு முனையும் தெற்கு முனையும் இடம் மாறுது, சாதா காந்தத்துல இது முடியாது.

நடுவுல குழந்தை ஒரு கேள்வி கேக்கலைன்னா நீங்களே கேளுங்க, கம்பிக்கு எதுக்கு எனாமல்? சுரண்டற வேலையாவது மிச்சமாகும்ல? இந்தக் கேள்விக்குள்ள ஒரு முழு வரலாறே இருக்கு. 1825 வாக்குல இங்கிலாந்துல வில்லியம் ஸ்டர்ஜன்னு ஒருத்தர், சின்ன வயசுல செருப்பு தைக்கிற வேலைக்கு விடப்பட்டு, அப்புறம் பட்டாளத்துல சேர்ந்து, தானாவே படிச்சு வந்தவர், லாட வடிவத்துல இரும்பை வளைச்சு அதுல 18 சுத்து தாமிரக் கம்பி சுத்தினாரு. அவர் கம்பி மேல பூச்சு இல்ல. சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு தொட்டா கரண்ட் சுத்தி வராம குறுக்கு வழியில போயிடும், அதனால இரும்புக்கு வார்னிஷ் அடிச்சு, கம்பியை இடைவெளி விட்டு விட்டு சுத்த வேண்டியதா போச்சு. அப்படியும் சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோவை தூக்குச்சு. அப்புறம் அமெரிக்காவுல ஆல்பனியில வாத்தியாரா இருந்த ஜோசப் ஹென்றி, இரும்புக்கு பூசறதை விட்டுட்டு கம்பிக்கே பட்டு நூல் சுத்திட்டாரு. அவ்வளவுதான் மாத்தம். ஆனா அதுக்கு அப்புறம் கம்பியை நெருக்கமா, அடுக்கு மேல அடுக்கா, எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்தலாம்னு ஆயிடுச்சு. 1831ல யேல் கல்லூரிக்காக அவர் செஞ்ச காந்தம் 900 கிலோவுக்கு மேல தூக்குச்சு. அதே சமயத்துல ஒரு மைலுக்கு மேல நீளமான கம்பி வழியா கரண்ட் அனுப்பி அந்தக் கோடியில மணி அடிக்க வெச்சாரு, தந்திக்கு அடிப்படை அங்கதான் இருக்கு, மோர்ஸ் வாஷிங்டன்ல இருந்து பால்டிமோருக்கு தந்தி அனுப்பினது 1844ல. கண்டுபிடிப்புன்னா ஒரு மேதை உக்காந்து யோசிச்சாரு, பல்பு எரிஞ்சுச்சுன்னு சொல்லித் தர்றதை விட, ஒருத்தர் பூச்சை எடுத்து இரும்புல இருந்து கம்பிக்கு மாத்தினாருன்னு சொல்றது எனக்கு உண்மைக்கு பக்கமா படுது, பசங்களும் "இதை நானே யோசிச்சிருப்பேனே"ன்னு சண்டைக்கு வருவாங்க. வரட்டும்!

மோட்டாருக்கு வருவோம், இதை இன்னொரு நாள் வெச்சுக்கோங்க, ஒரே நாள்ல ரெண்டும் செஞ்சா ரெண்டுமே அரைகுறையா போகும்.

டார்ச்சுல போடற பெரிய பேட்டரி ஒண்ணு, ரெண்டு ஊக்கு, ரப்பர் பேண்டு, வட்டக் காந்தம், அதே எனாமல் கம்பி. தடிமனான மார்க்கர் பேனா மேல கம்பியை பத்துல இருந்து பதினஞ்சு சுத்து சுத்தி பேனாவை உருவிடுங்க, வளையம் கிடைக்கும். ரெண்டு முனையும் வளையத்துக்கு நேர் எதிர் எதிர் பக்கத்துல வரணும், ஒவ்வொரு முனையையும் வளையத்தோட ரெண்டு முறுக்கு போட்டு இறுக்கிட்டு, நாலு சென்டிமீட்டர் நேரா வெளிய நீட்டி விடுங்க. இதுதான் அச்சு. ரெண்டும் ஒரே கோட்டுல இல்லைன்னா வளையம் நொண்டும், சுத்தாது, இதுல பொறுமை வேணும். பேட்டரியோட ரெண்டு கோடியிலயும் ஒவ்வொரு ஊக்கை நிமித்தி வெச்சு ரப்பர் பேண்டை நீளவாக்குல இறுக்கமா போட்டு பிடிக்க வைங்க, ஊக்கோட சுருட்டின ஓட்டை மேல பாத்து நிக்கட்டும். அந்த ரெண்டு ஓட்டையிலயும் அச்சை நுழைச்சா வளையம் தொங்கும். காந்தத்தை பேட்டரி உடம்பு மேலயே வெச்சா பெரும்பாலும் ஒட்டிக்கும், ஒட்டலைன்னா டேப் போடுங்க, வளையத்துக்கும் காந்தத்துக்கும் நடுவுல சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா போதும்.

எல்லாரும் கோட்டை விடறது எனாமல் சுரண்டறதுலதான். ஒரு முனையை சுத்தி வர முழுசா சுரண்டணும். இன்னொரு முனையை பாதி மட்டும். எந்தப் பாதிங்கறது முக்கியம். வளையத்தை மேஜை ஓரத்துல செங்குத்தா, நாணயம் நிக்கிற மாதிரி நிறுத்திப் பிடிச்சு, அச்சை மேஜை மேல படுக்க வெச்சு, மேல் பக்கத்தை மட்டும் உப்புத்தாளால தேய்க்கணும், கீழ்ப்பக்க எனாமலை தொடவே கூடாது. வளையத்தை படுக்க வெச்சு தேய்ச்சா வேலை செய்யாது. ஏன்னா வளையம் செங்குத்தா நிக்கிறப்பதான் காந்தம் அதை அதிகமா திருப்பும், அந்த நேரத்துலதான் கரண்ட் வேணும். வளையம் படுத்த நிலைக்கு வந்து காந்தத்தோட ஒத்துப்போயிட்டா அங்கயே நிக்கப் பாக்கும், அதையும் தாண்டிட்டா கரண்ட் அதை பின்னாடி இழுக்கும். அந்த அரைச்சுத்துக்கு எனாமல் கரண்டை நிறுத்திடும், வளையம் தன் வேகத்துலயே மிச்ச தூரத்தை கடந்து திரும்ப செங்குத்துக்கு வரும், மறுபடி கரண்ட், மறுபடி ஒரு தள்ளு. ஊஞ்சல்ல சரியான நேரத்துல மட்டும் தள்ளுவோமே, அதே கணக்கு.

வளையத்தை விரலால லேசா ஒரு தட்டு தட்டிவிட்டா பிச்சுக்கிட்டு சுத்தும். சுத்தலைன்னா முதல்ல முழுசா சுரண்டின முனையை பாருங்க, எங்கயாவது எனாமல் மிச்சம் இருக்கும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆடிட்டு நின்னா பாதி சுரண்டினது முழுசா சுரண்டுப்பட்டிருக்கும். வளையம் எப்பவும் ஒரே பக்கம் கீழ வந்து நின்னா எடை சரியில்ல, அச்சை நடுவுக்கு கொண்டு வாங்க. ஒரு வேடிக்கை என்னன்னா, ரெண்டு முனையையும் முழுசா சுரண்டினாலும் சில வளையம் சுத்தும், அது ஓட்டைக்குள்ள துள்ளித் துள்ளி தொடர்பை தானா விட்டு விட்டு பிடிக்கறதால. கெட்டிக்காரக் குழந்தை இதை பிடிச்சுக்கிட்டு "அப்ப பாதி சுரண்டறது சும்மாவா?"ன்னு கேக்கும், ரெண்டு வளையம் செஞ்சு எது நிக்காம சுத்துதுன்னு பாக்கச் சொல்லுங்க. ஓடாதப்ப கம்பியை ஊக்குல விட்டு வெக்காதீங்க, பேட்டரி சூடாகி காலியாயிடும்.

சுத்தினதுக்கு அப்புறம் மாத்திப் பாக்க நிறைய இருக்கு, காந்தத்தை புரட்டிப் போட்டா எந்தத் திசையில சுத்தும், பேட்டரியையும் சேர்த்து மாத்தினா, காந்தம் ரெண்டு அடுக்கினா, சுத்து பத்தை இருபதாக்கினா. கடைசிக் கேள்வி கொஞ்சம் வம்பு பிடிச்சது, சுத்து கூடினா தள்ளு கூடும், கூடவே வளையத்தோட எடையும் கூடும், பதில் ஒரே வரியில வராது. முதல் முதல்ல கரண்டால ஒரு கம்பியை விடாம சுத்த வெச்சது 1821ல மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் பண்ற கடையில வேலை கத்துக்கிட்டவர், பைண்டிங்குக்கு வர்ற புத்தகத்தையே படிச்சு சயின்ஸுக்குள்ள வந்தவர். அவர் பாதரசத்துல கம்பியை தொங்க விட்டு செஞ்சாரு, அது விஷம், நாம தொட வேண்டாம், ஊக்கே போதும்.

பத்து வருஷம் கழிச்சு 1831ல அதே ஃபாரடே இதை தலைகீழாக்கினாரு, காந்தத்தை அசைச்சு கம்பியில கரண்ட் வர வெச்சாரு. அதையும் வீட்டுல பாக்கலாம், உடைஞ்ச பொம்மைக் கார்ல இருந்து ஒரு குட்டி மோட்டாரை எடுத்து அதோட ரெண்டு கம்பியையும் மல்டிமீட்டர்ல, அதாவது வோல்ட், கரண்ட் அளக்கற மீட்டர்ல மாட்டி, பேட்டரி இல்லாம அச்சை விரலால உருட்டினா மீட்டர்ல எண் வரும். வேகமா உருட்டினா என்ன ஆகும், எதிர்ப்பக்கம் உருட்டினா என்ன ஆகும்னு நோட்டுல எழுதிட்டு அப்புறம் உருட்டச் சொல்லுங்க, மைனஸ் குறி வர்றப்ப அது எதுக்குன்னு நீங்க வாயைத் திறக்காதீங்க.